பெஞ்ச் கிரைண்டரும் ஒரு ஏக்கர் ரப்பரும்

மே 1, புதன்

இன்று காலை ஏழு பத்துக்கு, மனைவி சுந்தரபாய் இரண்டாவது டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து வைத்த வேளையில், இனி இந்த வளாகத்தில் எந்த இரும்பும் கையால் தீட்டப்படாது என்று முடிவெடுத்தேன். உடனே அறிவிக்கவில்லை. இத்தகைய முடிவுகள் வெளியே வருமுன் ஒரு மணி நேரமாவது மனதில் கிடக்க வேண்டும். எட்டு பத்துக்கு அறிவித்தேன். சுந்தரபாய், "சரி, குளிச்சிட்டு வாருங்க" என்றாள்.

பின்னணியைப் பதிவு செய்துவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் ரப்பர். நூற்று அறுபது மரங்கள். பால் வற்றிவிட்டது. ஜூன் மழைக்கு முன் வெட்டி அகற்றினால்தான் புதுக் கன்று வைக்க முடியும். மர வியாபாரிகள் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் மரத்தைத் தடவிப் பார்த்து, நோயாளியின் உறவினரிடம் பேசுவதுபோல் என்னிடம் பேசினார்கள். அருவருப்பாக இருந்தது. நானே வெட்டி நேரடியாக ப்ளைவுட் ஆலைக்கு அனுப்புவது என்று மெஷின் வாள் ஒன்றும் அதற்கு இரண்டு சங்கிலிகளும் வாங்கினேன்.

வாளை இயக்க லூர்தையன் வருகிறான். வயது நாற்பத்திரண்டு, இருபது வருடமாக இதே தொழில். அவனுடைய சொந்த மெஷின் ஈஸ்டருக்கு முந்தின வாரம் இறுகிப்போய் நின்றுவிட்டதாம். இல்லாவிட்டால் என் மெஷினுக்கு வந்திருக்க மாட்டான். எட்டாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தானாம். "மூணு நாள் என்னைய வெளியில நிறுத்தினிய சாரே" என்று ஏதோ பரிசு கொடுத்ததை நினைவுகூர்வதுபோல் சொன்னான். எனக்கு நினைவில்லை.

தீட்டும் முறைதான் சகிக்கவில்லை. பெட்ரோல் தீரும்போதெல்லாம் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்துகொள்கிறான். இடுப்பிலிருந்து ஒரு உருண்டை அரத்தை எடுக்கிறான். அது சுற்றப்பட்டிருக்கும் துணி ஒரு காலத்தில் பனியனாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இழுப்பு. இழுத்த அரத்தைக் கைலியில் துடைக்கிறான். அந்தக் கைலியில் எண்ணெய், ரப்பர் பால், மரத்தூள், வெற்றிலைச் சாறு ஆகியவை அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. அகழ்வாராய்ச்சி செய்யலாம். ஒரு தடவைக்குப் பதினான்கு நிமிடம். ஒரு நாளைக்கு நான்கு தடவை. முப்பத்தொரு ஆண்டுகள் பேரரசுகள் வீழ்ந்த காரணங்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். சோம்பலுக்குப் பக்தி வேடம் போட்டால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் தீட்டும்போது ஞானப்பாட்டு முணுமுணுக்கிறான்.

மே 2, வியாழன்

மார்த்தாண்டம் போய் பெஞ்ச் கிரைண்டர் வாங்கினேன். இருபுறமும் ஒவ்வொரு கல். ஒன்று சொரசொரப்பு, ஒன்று நைசு. கடைக்காரர், "அருவா, மம்பட்டி தீட்டவா சாரே?" என்றார். பொதுவாக ஆமாம் என்றேன். சளி பிடித்து மூக்கடைத்த மனிதரிடம் விரிவாகப் பேச விருப்பமில்லை.

கொட்டகையில் கிடக்கும், முப்பத்தொரு ஆண்டு விடைத்தாள் திருத்திய மேஜையிலேயே நான்கு போல்ட் போட்டுப் பொருத்தினேன். மேஜை இதுவரை செய்ததில் இதுவே உருப்படியான வேலையாக இருக்கும்.

மே 3, வெள்ளி

"லூர்தையா, அந்த அரத்தைக் கொடு."

"எதுக்கு சாரே?"

"இனி அது தேவையில்லை. சங்கிலியைக் கழற்றி என்னிடம் தா. ஒன்றை நான் தீட்டும்போது மற்றதை நீ ஓட்டு."

கொட்டகைக்கு வந்து கிரைண்டரைச் சுற்றி நடந்தான். கல்லின் மேல் கட்டைவிரலை வைத்து அகலம் பார்த்தான்.

"கல்லு தடிச்சிட்டுல்லா இருக்கு. பல்லுக்க இடையில போவாதே."

"போகும்."

"நீங்க சொன்னா போவும் சாரே."

அரத்தை, துணியோடு, என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பணியில் இருந்தபோது கவண், பம்பரம், ஒரு தடவை உயிருள்ள ஓணான் வரை இதே இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பிறகு டெட்டால் போட்டுக் கை கழுவினேன்.

மே 4, சனி

சங்கிலியில் முப்பத்தாறு பற்கள். பதினெட்டு இடப்பக்கம் பார்க்கின்றன, பதினெட்டு வலப்பக்கம். முப்பத்தாறையும் இருபத்தொரு நிமிடத்தில் தீட்டினேன். பழகினால் பத்தில் முடியும்.

கல்லில் பட்டதும் பொறி பறந்து பல்லின் முனை முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, பிறகு மயில் கழுத்து நீலம் என்று மாறியது. இவ்வளவு அசிங்கமான தொழிலில் இப்படி ஒரு நிறமா என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லூர்தையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "வெந்து போச்சே சாரே" என்றான்.

"என்ன வெந்தது?"

"பல்லு. நீலம் கேறினா உள்ளுக்குள்ள பதம் போயிரும். மெழுகு மாதிரி ஆயிரும்."

இரும்பு மெழுகாகும் என்று நம்பும் சமூகத்தில்தான் நான் முப்பத்தொரு ஆண்டு பாடம் நடத்தினேன். முறைத்தேன். அவன் சங்கிலியை மாட்டிக்கொண்டு போனான்.

மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது.

மே 6, திங்கள்

நான்காவது மரத்தில் வாள் நின்றுவிட்டது. மரத்தைக் கடிக்காமல் உரசுகிறது. துகளாக விழ வேண்டியது மாவாக விழுகிறது, புகை வருகிறது. போதாததற்கு வாள் நேராகப் போகாமல் வலப்பக்கம் ஓடுகிறது. வலப்பக்கப் பற்களைத் தீட்டும்போது கை வாகாக இருக்கிறது, இடப்பக்கம் வாகில்லை. அதனால் ஒரு பக்கப் பற்கள் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் போய்விட்டன என்று லூர்தையன் ஒரு விளக்கம் சொன்னான். விளக்கம் சொல்பவர்களை எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் செய்யாதவர்கள்.

மறுபடி தீட்டினேன். மதியத்துக்குள் மூன்று தடவை தீட்ட வேண்டியிருந்தது.

பதினொரு மணிக்கு லூர்தையனின் மனைவி ரெக்ஸ்லின் சோற்று வாளியோடு வந்தாள். மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். அவன் கைகூடக் கழுவாமல், ரப்பர் பால் ஒட்டிய விரல்களால் பிசைந்து தின்றான். நான் ஜன்னலை மூடினேன்.

மே 7, செவ்வாய்

கறுப்புச் சளி. ஐந்து மரம்.

மே 9, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் மழுங்கலான ஒரு சிறிய மேடு இருக்கிறது. அது எதையும் வெட்டுவதில்லை. பல் மரத்தில் இறங்க விடாமல் தடுப்பது அதுதான். நிறுவனங்களில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்பவனுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வேலை செய்யாமல், அவன் எவ்வளவு செய்யலாம் என்று முடிவு செய்வார்கள். தலைமையாசிரியராக மூன்று பேர் எனக்கு அப்படி வாய்த்தார்கள்.

மெஷினோடு வந்த கையேட்டை முழுவதும் படித்தேன். நாற்பத்தாறு பக்கம். இந்த மாவட்டத்தில் அதை முழுவதும் படித்த ஒரே ஆள் நானாக இருக்கும். மேட்டைத் தேய்ப்பது பற்றி முப்பத்தோராம் பக்கத்தில் படம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தேய்க்கக் கூடாது, அதற்கென்று ஒரு அளவுத் தகடு வைத்துப் பார்க்க வேண்டும், மீறினால் ஆளுக்கு ஆபத்து என்று முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டு எச்சரித்திருக்கிறார்கள். கையேடுகளில் எச்சரிக்கை எழுதுவது பொறியாளர்கள் அல்லர், வக்கீல்கள். பெட்ரோலைக் குடிக்க வேண்டாம் என்றும் அதே முக்கோணம் சொல்கிறது.

இரண்டு சங்கிலியிலும் மேடுகளைத் தேய்த்துத் தள்ளினேன். எழுபத்திரண்டு மேடுகள். இருட்டும் முன் முடிந்தது.

மே 10, வெள்ளி

மதியத்துக்குள் பதினொரு மரம். துகள்கள் தேங்காய்த் துருவல்போல் கொத்துக் கொத்தாகப் பறக்கின்றன. வாசல்படியில் நின்று பார்த்தேன். மனிதகுல வரலாற்றில் ஒவ்வொரு முன்னேற்றமும் யாரோ ஒருவர் ஒரு மேட்டைத் தேய்த்ததால் வந்ததுதான்.

உணவு வேளையில் லூர்தையன் கொட்டகைக்கு வந்தான். 

"மெஷினு துள்ளுது சாரே."

"வேகம் என்றால் துள்ளும்."

"இது அப்படியில்ல. மொத்தமா கடிக்குது, பொறவு தூக்குது. நுனி எங்கயாவது தட்டிச்சுண்ணா மொகத்துக்கு வரும்."

"நுனி தட்டாமல் பார்த்துக்கொள். இருபது வருட அனுபவம் என்கிறாய்."

தலையைச் சொறிந்தான். தலையிலிருந்து மரத்தூள் என் மேஜையில் உதிர்ந்தது.

"அரத்த ஒரு நேரம் தாருங்க சாரே. போன மேட்ட ஒண்ணும் செய்ய முடியாது. பல்லைப் பின்னால இழுத்துக் கொஞ்சம் தாழ்த்திக்கிடுதேன். ரெண்டும் ஒப்பத்துக்கு வந்திரும். ஒரு அரை நாள் வேலையாக்கும்."

"அரை நாளில் பத்து மரம் விழும், லூர்தையா. மழை உனக்காகக் காத்திருக்குமா?"

"இல்ல சாரே."

"பிறகு?"

"நீங்க சொன்னா சரிதான்."

வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொண்டான். துப்பினான். சுவரில் ஒரு வரைபடம் உருவானது.

மே 12, ஞாயிறு

கோயிலில் லூர்தையன் பாடகர் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறான். கழுத்து மடிப்பில் மரத்தூள். குடிகாரனின் குரல் என்று சுந்தரபாயிடம் சொன்னேன்.

"அவன் குடிய விட்டு அஞ்சு வருசமாச்சு. தியானத்துக்குப் போயிட்டு வந்த பொறவு தொடல்ல" என்றாள். அவள் கிராம சுகாதாரச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரின் ஒவ்வொரு குடலையும் பெயர் சொல்லி அறிவாள்.

விட்டவர்கள் எல்லாம் மறுபடி தொடுவார்கள் என்றேன். அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

மே 13, திங்கள்

இன்று எழுத நேரமில்லை.

மே 14, செவ்வாய்

நேற்று பத்தரை மணிக்கு நான் கொட்டகையில் இரண்டாவது சங்கிலியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் ஓடும்போது வெளிச் சத்தம் கேட்காது. கிரைண்டரை நிறுத்தியபோது வாள் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. சுந்தரபாய் ஓடிய சத்தம் கேட்டது. அவள் ஓடி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

பரீட்சையில் இப்படிக் கேட்பதுண்டு: காரணங்களைத் தருக. உடனடிக் காரணம்: விழுந்த மரத்தின் அடியில், சருகுக்குள், ஒரு கிளை மறைந்திருந்தது. வாளின் நுனி அதில் தட்டி, வாள் மேலே திரும்பியது. நீண்டகாலக் காரணங்கள்: அசிரத்தை, அவசரம், சருகைக் கூட்டாமை. முழு மதிப்பெண்.

லூர்தையனின் இடது முன்கை, முழங்கைக்குக் கீழே. சுந்தரபாய் அவனை முற்றத்துக்குத் தாங்கிக் கொண்டுவந்து, தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள். அவன் அழவில்லை. "முற்றம் அழுக்காவுதே சாரே" என்றான். உண்மையில் ஆயிற்று. ரப்பர் பாலும் இரத்தமும் கலந்தால் ஒரு இளஞ்சிவப்புக் கட்டியாக உறைகிறது. மண்வெட்டியால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. நான்தான் எடுத்தேன். இரண்டு தடவை வாந்தி வந்தது.

கிரைண்டருக்கு மேல் துணி போட்டு மூடினேன். தூசி படியாமல் இருக்க.

மே 16, வியாழன்

நாகர்கோவில் ஆஸ்பத்திரி. வராந்தாவில் பினாயில், ஆரஞ்சுத் தோல், யாரோ ஒருவருடைய சாக்ஸ். தசைநார்கள் போய்விட்டனவாம். இரண்டாவது அறுவை முடிந்தது. கை இருக்கிறது, விரல்கள் மடங்காது. வாளுக்கு இரண்டு கை வேண்டும். இனி அந்தத் தொழில் இல்லை என்று டாக்டர் அவனிடமே சொல்லிவிட்டார்.

என்னைப் பார்த்ததும் எழ முயன்றான். ரெக்ஸ்லின் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல சாரே. நான்தான் நுனியப் பாக்கல்ல."

இதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட அருவருப்புக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அந்த நாற்றமாக இருக்கலாம்.

ரெக்ஸ்லின் பின்னாலேயே படிக்கட்டு வரை வந்தாள். மரம் வெட்டுபவர்களின் சங்கம் எல்லாருக்கும் சேர்த்து ஒரு விபத்து பாலிசி எடுத்திருக்கிறதாம். தோட்டத்துக்காரர் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும். கிடைத்தால் சாலைச் சந்திப்பில் ஒரு பெட்டிக்கடை வைக்கலாம், ஒற்றைக் கையால் நடத்த அது போதும் என்று அவர்களுக்குள் பேசியிருக்கிறார்கள்.

"செயலாளர் பாரம் கொண்டு வருவாரு. நீங்க எழுதினா அவங்க நம்புவாங்க சாரே. நீங்க வாத்தியாரு."

மே 18, சனி

விபத்தின்போது மாட்டியிருந்த சங்கிலியை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் மெஷின் வாள் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். அறிவியல் ஆர்வம். கடைக்காரருக்கு வாயில் பாக்கு, நகங்களில் கிரீஸ், மேஜையில் பாதி தின்ற வடை. சங்கிலியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"இது யாரு தேச்சது?"

பதில் சொல்வதற்குள் தொடர்ந்தார்.

"மேட்டையே காணல்லியே. பல்லு எவ்வளவு கடிக்கணும்ணு சொல்லது அந்த மேடுதான். அது இல்லேண்ணா கிடைச்சத எல்லாம் ஒரே கடியா கடிக்கும், பொறவு ஆளைத் திருப்பி அடிக்கும். பல்லும் கரிஞ்சிருக்கு. அருவா தீட்டுத கல்லுல பிடிச்சிருக்காவ. ஆளக் கொல்லணும்ணு செஞ்சாக்கூட இவ்வளவு நல்லா வராது. யாருக்க வேலை இது?"

"கூலிக்கு வந்த ஒருவன்" என்றேன்.

"அவனக் கண்டா செருப்பால அடிக்கணும்."

வடையின் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. சங்கிலியைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக்காரர் இருக்கிறார். அங்கே போட்டுவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினேன்.

மே 20, திங்கள்

சங்கத்தின் செயலாளர் வறுவேல் பாரத்தோடு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நுனியில் தொங்கினார். நான்கு பக்க பாரம், பதினோரு எழுத்துப்பிழை. 'விபத்திற்க்கு' என்று ஒரு இடத்தில். சிவப்பு மையால் எல்லாவற்றையும் திருத்திவிட்டுத்தான் நிரப்பத் தொடங்கினேன்.

ஏழாம் கேள்வி: கருவியின் நிலை. 'நன்று' என்று எழுதினேன். மெஷின் புதிது. பில் இருக்கிறது.

எட்டாம் கேள்வி: கருவியையும் வெட்டுபாகங்களையும் பராமரித்து வந்தவர் யார். 'இயக்கியவரே' என்று எழுதினேன். இத்தொழிலில் இயக்குபவர்தான் தீட்டிக்கொள்வது. நான் பொது வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறேன்.

ஒன்பதாம் கேள்வி: விபத்தின்போது தொழிலாளி மது அருந்தியிருந்தாரா.

வறுவேல், "அது சும்மா ஒரு கேள்வி சாரே. இல்லேண்ணு போட்டாப் போதும்" என்றார்.

"நான் அவன் வாயை முகர்ந்து பார்த்தேனா?"

"அவன் குடிக்க மாட்டான். ஊருக்கே தெரியும்."

"ஊர் கையெழுத்துப் போடட்டும். நான் எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும்."

'உறுதியாகக் கூற இயலாது' என்று எழுதினேன். வரலாற்று ஆசிரியனுக்கு இதைவிட நேர்மையான வாக்கியம் இல்லை. வறுவேல் அதைப் படித்தார். மறுபடி படித்தார்.

"இத ஒண்ணு மாத்திக்கிடலாமா? இப்படி எழுதினா பாலிசிக்காரனுவ பிடிச்சுக்கிடுவானுவ."

"மையால் எழுதியது, வறுவேல்."

காப்பி வேண்டாம் என்று போய்விட்டார்.

மே 21, செவ்வாய்

இன்று நெய்மீன் வறுவல். வாயில் வைக்க முடியவில்லை. கருகிய இரும்பு வாடை. மீன் கெட்டுவிட்டது என்றேன்.

சுந்தரபாய் ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். "மீனுக்கு ஒரு கேடும் இல்ல. உங்க கையாக்கும் நாறுது."

மூன்று தடவை சோப்புப் போட்டேன், சீயக்காய் போட்டேன், கடைசியில் மண்ணெண்ணெய். திரும்பி வந்தபோது அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போயிருந்தாள்.

"பாரத்துல என்ன எழுதினிய?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"கேட்டதற்குப் பதில்."

"குடி உண்டாண்ணு கேட்டிருந்துதா?"

"கேட்டிருந்தது."

"இல்லேண்ணுதானே எழுதினிய?"

மீனை மூடி வைக்கும்படி சொன்னேன். பூனை வரும்.

மே 27, திங்கள்

மீதி மரங்களை, முதலில் வந்த வியாபாரிக்கே கொடுத்துவிட்டேன். ஐந்து பேர், இரண்டு மெஷின். பெட்ரோல் தீரும்போதெல்லாம் கட்டையில் உட்கார்ந்து அரம் போடுகிறார்கள். பல்லுக்கு இரண்டு இழுப்பு. எங்கே பார்த்தாலும் வெற்றிலைத் துப்பல். நாள் முழுக்க உள்ளறையில் இருந்தேன்.

சுந்தரபாய் தினமும் மதியம் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு லூர்தையன் வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வந்து எதுவும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

ஜூன் 4, செவ்வாய்

மழை. தோட்டம் காலி. அடிக்கட்டைகளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. நாற்றம் வீட்டுக்குள் வருகிறது.

ஜூன் 12, புதன்

லூர்தையன் குடையோடு வந்தான். இடது கை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன். கால் ஈரம் என்று வெளியிலேயே நின்றான்.

"பாலிசிக்காரங்க ஆபீசுல ஒரு ஆளு போன்ல விளிச்சாரு சாரே. நீங்க குடி பத்தி தெரியாதுண்ணு எழுதியிருக்குதாச் சொன்னாரு. தப்பா வாசிச்சிருப்பாருண்ணு நான் சொன்னேன்."

நான் மழையைப் பார்த்தேன்.

"பொறவு, தீட்டினது நானுண்ணு போட்டிருக்காம். அதும் தப்பா வாசிச்சதாத்தான் இருக்கும்." நிறுத்தினான். "ஒரு கடுதாசி நீங்க எழுதித் தந்தா நான் கொண்டுபோய்க் கொடுத்திருவேன். ரெண்டு வரி போதும் சாரே. பதினஞ்சு நாள் தவணை சொல்லியிருக்காங்க."

யோசித்து எழுதுகிறேன் என்றேன். சரி சாரே என்றான். குடையை ஒற்றைக் கையால் விரிக்க முடியாமல், கைப்பிடியைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து, பல்லால் கம்பியை இழுத்தான். பார்க்கச் சகிக்கவில்லை. கதவைச் சாத்தினேன்.

ஜூன் 15, சனி

கடிதத்துக்கு மூன்று வரைவு எழுதினேன். நடை சரியில்லை.

ஜூன் 19, புதன்

நடை சரியில்லை.

ஜூன் 26, புதன்

இருநூறு ரப்பர் கன்று வந்தது. கொட்டகையில் நிழலில் அடுக்கி வைத்தேன்.

ஜூன் 28, வெள்ளி

தவணை நேற்றோடு முடிந்தது.

ஜூலை 8, திங்கள்

கன்று நடவு முடிந்தது. பாலிசி மனு தள்ளுபடி ஆனதாக வறுவேல் சுந்தரபாயிடம் சொல்லியிருக்கிறார். ரெக்ஸ்லின் இன்று முந்திரி ஆலையில் கொட்டைத் தோடு உடைக்கச் சேர்ந்தாள். காலை ஆறரைக்கு வேன் வருகிறது.